நெஞ்சு வலி இதயத்திலா, விலாக் குருத்தெலும்பிலா? படிப்படியாகக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

போன கார்த்திகையில் ஒரு காலை, டிபன் கடை நடத்தும் ஒரு அம்மா என் கிளினிக்குக்கு வந்தார். வயது 43. மகன் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தான். மூன்று நாளாக இடது பக்கம் நெஞ்சு வலி. பக்கத்து வீட்டில் "வாயுப் பிடிப்பு" என்று சொல்லி சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மருந்துக் கடையில் கேஸ் மாத்திரை. இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் இரவு மகன் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டுப் பயந்துபோய், விடிந்ததும் அழைத்து வந்துவிட்டான்.

"எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டேன். ஆள்காட்டி விரலை நீட்டி, நெஞ்செலும்புக்கு இரண்டு விரல் இடதில் ஒரு புள்ளியைத் தொட்டார். "இங்கதான் டாக்டர். மாவு குண்டானைத் தூக்கினா உயிர் போகுது. தும்மினா கண்ணுல தண்ணி வந்துடுது."

அவருக்கு இருந்தது கோஸ்டோகாண்ட்ரைடிஸ். 'கோஸ்டா' என்றால் லத்தீனில் விலா, 'காண்ட்ரோஸ்' என்றால் கிரேக்கத்தில் குருத்தெலும்பு. விலா எலும்புகளை நெஞ்செலும்போடு இணைக்கும் குருத்தெலும்பிலும் அதன் மூட்டுகளிலும் வரும் வலியோடு கூடிய அழற்சி. உயிருக்கு ஆபத்து இல்லாதது. ஆனாலும் அந்தப் பெயரை அவரிடம் சொல்வதற்கு முன் நான் செய்த வேலைகள் ஏழெட்டு இருக்கும். ஏன் அவ்வளவு, எந்த வரிசையில் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நோயாளிக்கும், வீட்டில் கூட இருப்பவர்களுக்கும், புதிதாக கிளினிக்கில் உட்காரும் இளம் மருத்துவர்களுக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால்: எப்போது நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்

நெஞ்சின் நடுவில் பாரம் ஏற்றியது போல அழுத்தம், அது தோள், கை, தாடை, முதுகு என்று பரவுவது, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குவது, வாந்தி, மயக்கம் வருவது போன்ற உணர்வு. இவற்றில் எது இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108-ஐ அழையுங்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1990. நெஞ்சிலிருந்து முதுகுக்குக் கிழித்துக்கொண்டு போவது போல் திடீரென வரும் வலி, ஒரு கால் மட்டும் வீங்கி அதோடு மூச்சுத் திணறல், இருமலில் ரத்தம் ஆகியவையும் அப்படியே. முதலாவது பெருந்தமனி கிழிவாக இருக்கலாம், மற்ற இரண்டும் நுரையீரல் ரத்தக்குழாயில் அடைப்பாக இருக்கலாம்.

நெஞ்சு வலியோடு வருபவருக்கு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள நடைமுறை. நம் வீடுகளில் நடப்பது என்ன? ஓமத் தண்ணீர், பெருங்காயம், சோடா, கொஞ்சம் படுத்துப் பார்ப்பது. இதிலேயே இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. மாரடைப்பில் இதயத் தசை ஒவ்வொரு நிமிடமும் செத்துக்கொண்டிருக்கும். ஏப்பம் விட்டதும் வலி குறைந்தது என்பதை வைத்து வாயு என்று முடிவு கட்டவே கூடாது.

இன்னொன்று. சர்க்கரை நோயாளிகளுக்கும், வயதானவர்களுக்கும், பெண்களுக்கும் மாரடைப்பு சினிமாவில் காட்டுவது போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும் என்பதில்லை. மூச்சு வாங்குவது, காரணமில்லாத அசதி, மேல்வயிற்றில் ஒரு சங்கடம் என்ற அளவிலேயே வந்து போய்விடலாம். இவர்கள் விஷயத்தில் சந்தேகம் இருந்தால் ஈசிஜி பக்கம்தான் சாய வேண்டும்.

படி 1: நெஞ்சுக்கூட்டை விரலால் படித்துக்கொள்வது

வலி எங்கே என்று தெரிய, முதலில் இடம் தெரிய வேண்டும். உங்கள் தொண்டைக்குழியில் ஆள்காட்டி விரலை வையுங்கள். அப்படியே நெஞ்செலும்பின் மேல் கீழே வழுக்கிக்கொண்டு வாருங்கள். சுமார் நான்கைந்து சென்டிமீட்டரில் குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும். அந்த மேட்டின் இரு பக்கமும் வந்து சேர்வது இரண்டாவது விலா. மருத்துவக் கல்லூரியில் விலாவை எண்ணுவதற்கு முதலில் சொல்லித் தருவது இந்த மேட்டைத்தான். அங்கிருந்து பக்கவாட்டில் நகர்ந்து, ஒவ்வொரு பள்ளமாகத் தாண்டினால் மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணிக்கொண்டே போகலாம்.

விலா மொத்தம் 12 ஜோடி. மேலே உள்ள 7 ஜோடி தனித்தனிக் குருத்தெலும்பால் நேராக நெஞ்செலும்பில் சேர்கின்றன. 8, 9, 10 ஆகியவை தங்களுக்கு மேலே உள்ள குருத்தெலும்பில் ஒட்டிக்கொள்கின்றன. 11, 12 முன்பக்கம் எதிலும் சேராமல் நிற்கின்றன. ஒவ்வொரு மேல் விலாவிலும் இரண்டு இடங்களில் வலி வரலாம்: எலும்பு முடிந்து குருத்தெலும்பு தொடங்கும் இடம், குருத்தெலும்பு நெஞ்செலும்பில் சேரும் இடம். கோஸ்டோகாண்ட்ரைடிஸ் பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து வரையுள்ள விலாக்களில், ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டுகளில், ஒரே பக்கமாக வரும். அந்தப் பக்கம் இடதாக அமைந்துவிட்டால், வருபவரின் பயம் இரட்டிப்பு.

இந்த மூட்டுகளுக்கு ஓய்வு கிடையாது என்பதையும் மனதில் வையுங்கள். நிமிடத்துக்கு 14 மூச்சு என்று வைத்தால்கூட ஒரு நாளைக்கு 20,160 தடவை அசைகின்றன. முழங்கால் வலித்தால் உட்கார்ந்துவிடலாம். விலாவுக்கு அந்த வசதி இல்லை. "ரெண்டு வாரமாச்சு, இன்னும் போகலையே" என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

படி 2: வலியின் கதையைக் கேட்பது

கையை வைப்பதற்கு முன் காதை வைக்க வேண்டும். டிபன் கடை அம்மாவிடம் முதல் ஐந்து நிமிடம் நான் தொட்டுப் பார்க்கவே இல்லை. கேட்டது இவ்வளவுதான்: எப்போது தொடங்கியது, என்ன செய்தால் கூடுகிறது, என்ன செய்தால் குறைகிறது, ஒரு தடவை வந்தால் எவ்வளவு நேரம் நிற்கிறது, கூடவே வேறு என்ன.

விலா மூட்டு வலியின் கதை பெரும்பாலும் இப்படி இருக்கும். சுருக்கென்று குத்தும், அல்லது ஒரே இடத்தில் நொந்துகொண்டே இருக்கும். ஆழமாக மூச்சு இழுத்தால், இருமினால், தும்மினால், படுக்கையில் புரண்டால், கனம் தூக்கினால் கூடும். அசையாமல் இருந்தால் அடங்கும். நாட்கணக்கில், வாரக்கணக்கில் இருக்கும். சற்று முன்னால் ஏதாவது ஒரு காரணம் இருக்கலாம்: நீண்ட நாள் இருமல், பழக்கமில்லாத வேலை, ஜிம்மில் புதிதாக பளு தூக்கியது, வீடு மாற்றியது, நெஞ்சில் அடி. பாதிப் பேருக்குக் காரணம் எதுவும் சொல்லத் தெரியாது, அதிலும் வியப்பில்லை. இந்த நோய் ஏன் வருகிறது என்பது பலரிடம் தெளிவாகப் பிடிபடுவதே இல்லை. இந்த அம்மாவுக்கு இரண்டு வாரம் வறட்டு இருமல் இருந்திருக்கிறது. அது போதாதென்று கடையில் உதவிக்கு இருந்த பையன் ஊருக்குப் போய்விட, மாவு குண்டானை இவரே தூக்கியிருக்கிறார்.

இதயத்தின் கதை வேறு. மாடி ஏறினால் வரும், நின்றால் ஐந்து பத்து நிமிடத்தில் குறையும். இடம் கேட்டால் ஒரு விரலால் காட்ட மாட்டார்கள், உள்ளங்கையை விரித்தோ முஷ்டியை மடக்கியோ நெஞ்சின் நடுவில் வைப்பார்கள். அந்த முஷ்டிக்கு லிவைன் என்ற அமெரிக்க இதய மருத்துவரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இதை ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூச்சு இழுத்தால் வலிக்கிறது என்றால் உடனே விலா என்று முடிவு செய்யவும் கூடாது. நிமோனியா, நுரையீரல் உறை அழற்சி, நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு, நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்துவிடுவது ஆகிய எல்லாவற்றிலும் மூச்சு இழுக்கும்போது குத்தும். இதய உறை அழற்சியிலும் அப்படியே. அதில் படுத்தால் கூடும், முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் குறையும். அதனால்தான் காய்ச்சல், சளி, மூச்சு வாங்கல், சமீபத்திய அறுவை சிகிச்சை, நீண்ட பயணம், கால் வீக்கம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

கதையோடு கதையாக இன்னும் சில: வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகை, வீட்டில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு. அப்புறம், காலையில் எழுந்ததும் முதுகு அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்துப் போகிறதா, தோலில் சொரியாசிஸ் இருக்கிறதா. கடைசி இரண்டையும் ஏன் கேட்கிறேன் என்பது பின்னால் வரும்.

படி 3: தொட்டுப் பார்ப்பது

இந்த நோயைக் காட்டும் ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனும் கிடையாது. விரல்தான் கருவி. அதனால் இந்தப் படியை அவசரப்படாமல் செய்ய வேண்டும்.

முதலில் கண். சட்டையை முழுமையாக விலக்கிப் பார்க்க வேண்டும். பெண்கள் என்றால் நர்ஸ் அம்மா கூட இருக்க வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும், ஏன் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுப் பார்க்க வேண்டும். சிவப்பு, வீக்கம், கொப்புளம், காயத் தழும்பு இருக்கிறதா? கோஸ்டோகாண்ட்ரைடிஸில் வெளியே ஒன்றும் தெரியாது. வீக்கம் தெரிந்தால் வேறு ஏதோ இருக்கிறது என்று யோசிக்கத் தொடங்க வேண்டும்.

அப்புறம் விரல். ஒரே ஒரு விரலின் சதைப் பகுதியால், வலிக்காத பக்கத்தில் தொடங்குங்கள். இரண்டாவது விலாவிலிருந்து ஒவ்வொரு மூட்டாக, நகக்கண் வெளுக்கும் அளவு மட்டும் அழுத்தம் கொடுத்துக் கீழே வாருங்கள். பிறகு வலிக்கும் பக்கம். கேட்க வேண்டிய கேள்வி "வலிக்குதா?" என்பது அல்ல. பலமாக அமுக்கினால் யாருக்கும் விலா வலிக்கும். கேட்க வேண்டியது, "மூணு நாளா உங்களைப் படுத்துற வலி இதுதானா, இல்ல வேற வலியா?"

அந்த அம்மாவுக்கு மூன்றாவது விலாவில் விரல் பட்டதும் தோள் துள்ளியது. நான் கேட்பதற்கு முன்பே, "இதேதான் டாக்டர், இதேதான்" என்றார். நான்காவதிலும் அப்படியே. வலது பக்கம் அதே அழுத்தத்தில் ஒன்றுமில்லை. பால்பாயின்ட் பேனாவால் அந்த இரண்டு இடத்திலும் சின்னப் புள்ளி வைத்தேன். முதுகைப் பார்த்துவிட்டு வந்து, அவர் கண்ணை மூடியிருக்கும்போது மறுபடியும் அழுத்தினேன். அதே புள்ளிகளில் அதே வலி. இடம் மாறிக்கொண்டே இருந்தால் எனக்கு நம்பிக்கை குறையும்.

பல பெண்கள் இந்த வலியை மார்பக வலி என்றே நினைக்கிறார்கள். புற்றுநோயோ என்ற பயத்தை வெளியே சொல்லாமல் வாரக்கணக்கில் சுமந்துகொண்டு வருகிறார்கள். ஒரு பக்கமாகத் திரும்பிப் படுக்கவைத்தால் மார்பகம் சரிந்து விலகும், அடியில் உள்ள விலாவைத் தனியாக அழுத்திப் பார்க்கலாம். வலி மார்பகத்தில் இல்லை, எலும்பில் என்று அவர்கள் விரலாலேயே அவர்களுக்குக் காட்டிவிடலாம். கட்டி ஏதாவது தட்டுப்பட்டால் அதற்குத் தனியாகப் பரிசோதனை உண்டு, அதை இந்த வலியோடு சேர்த்து மறந்துவிடக் கூடாது.

முதுகையும் பாருங்கள். விலா பின்னால் முதுகெலும்பில் சேரும் மூட்டு பிடித்துக்கொண்டால், வலி முன்னால் தெரியும்.

படி 4: அசைத்துப் பார்ப்பது

இரண்டு எளிய சோதனைகள். ஒன்றுக்குச் சேவல் கூவும் சோதனை என்று பெயர். நோயாளி இரண்டு கையையும் பிடரிக்குப் பின்னால் கோர்த்துக்கொண்டு முகத்தை மேலே தூக்க வேண்டும், சேவல் கூவும்போது கழுத்தை நீட்டுவது போல. மருத்துவர் பின்னால் நின்று முழங்கைகளை மெதுவாக மேலும் பின்னும் இழுப்பார். மற்றது, வலிக்கும் பக்கத்துக் கையை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்துப் பிடித்து, தலையை அதே பக்கம் திருப்பச் சொல்வது. இரண்டிலும் விலா மூட்டுகள் இழுபடும். பழைய அதே வலி வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். வராவிட்டால் அந்த நோய் இல்லை என்று அர்த்தமில்லை.

வலி கீழ் விலாக்களில், வயிற்றுக்கு மேலே இருந்தால் வேறொரு சோதனை. விலா விளிம்புக்கு அடியில் விரல்களைக் கொக்கி போல் மாட்டி, முன்னோக்கி மெதுவாக இழுப்பது. டக்கென்று ஒரு சத்தத்தோடு வலி வந்தால் அது நழுவும் விலா. 8, 9, 10 ஆகியவை நெஞ்செலும்பில் நேராகச் சேராததால்தான் அவற்றுக்கு இந்தப் பிரச்சினை.

படி 5: இதயத்தைத் தள்ளிவைப்பது

நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே இந்தப் படிதான். அமுக்கினால் வலிக்கிறது என்பதாலேயே இதயத்தில் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. ஒரே ஆளுக்கு விலாவும் வலிக்கலாம், இதய ரத்தக்குழாயும் அடைத்திருக்கலாம்.

1994-ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. நெஞ்சு வலியோடு அவசரப் பிரிவுக்கு வந்த 122 பேரைப் பார்த்தார்கள். அதில் 30 சதவீதம் பேருக்குக் கோஸ்டோகாண்ட்ரைடிஸ் இருந்தது. அந்த 30 சதவீதத்துக்குள்ளேயே 6 சதவீதம் பேருக்கு மாரடைப்பும் இருந்தது. விலா வலி இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் இது குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை.

எனக்குப் பாடம் கற்றுக்கொடுத்தவர் 58 வயது லாரி ஓட்டுநர் ஒருவர். சர்க்கரை, பீடி இரண்டும் உண்டு. வேறோர் இடத்தில் நெஞ்சை அமுக்கிப் பார்த்து, வலிக்கிறது என்றதும் தசைப்பிடிப்பு என்று களிம்பு எழுதி அனுப்பியிருந்தார்கள். மறுநாள் என்னிடம் வந்தார். நான் அமுக்கியபோதும் வலித்தது. ஆனால் முந்தின நாள் வலி தார்ப்பாய் கட்டும்போது வந்து, உட்கார்ந்ததும் போயிருக்கிறது. கதை பொருந்தவில்லை. ஈசிஜியில் மாற்றம் தெரிந்தது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், இதயத் தசை சிதைந்தால் ரத்தத்தில் கலக்கும் டிரோபோனின் என்ற புரதம் ஏறியிருந்தது. அன்றிலிருந்து விரலை விடக் கதையைத்தான் அதிகம் நம்புகிறேன்.

யாருக்கு என்ன பரிசோதனை? 35 வயதைத் தாண்டியவர்கள், இதய நோய் ஏற்கெனவே உள்ளவர்கள், அது வர வாய்ப்புள்ளவர்கள் எல்லோருக்கும் ஈசிஜி. முதல் ஈசிஜி சரியாக இருந்தாலே போதும் என்று நினைக்கக் கூடாது. வலி தொடர்ந்தால் சிறிது நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும், மாரடைப்பின் தொடக்கத்தில் அது இயல்பாகவே தெரியலாம். சந்தேகம் இருந்தால் டிரோபோனின் ரத்தப் பரிசோதனை. அதையும் சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்ப்பதுதான் முறை, ஏனென்றால் இதயத் தசை சிதைந்த உடனே அந்தப் புரதம் ரத்தத்தில் ஏறிவிடாது. உழைக்கும்போது வரும் வலி என்றால் இதய மருத்துவரிடம் அனுப்பி டிரெட்மில்லோ வேறு பரிசோதனையோ முடிவு செய்ய வேண்டும். காய்ச்சல், இருமல், மூச்சு வாங்கல் இருந்தால் நெஞ்சு எக்ஸ்ரே. நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு பற்றிச் சந்தேகம் என்றால் ரத்தக்கட்டி இருக்குமா என்று பார்க்கும் டி-டைமர் ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் சிடி.

கிளினிக்கில் உட்காரும் மருத்துவர்களுக்கு ஜெர்மனியின் மார்பர்க் நகரப் பெயரில் ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. ஐந்தே கேள்வி: ஆண் 55 அல்லது பெண் 65 வயதைத் தொட்டவரா? ரத்தக்குழாய் நோய் ஏற்கெனவே உண்டா? உழைத்தால் வலி கூடுகிறதா? அழுத்தினால் அந்த வலி வராமல் இருக்கிறதா? இது இதயம்தான் என்று நோயாளியே நினைக்கிறாரா? ஒவ்வொரு 'ஆம்'-க்கும் ஒன்று. இரண்டு வரை வந்தால் இதய ரத்தக்குழாய் நோய்க்கு வாய்ப்பு குறைவு. நோயாளியின் பயத்துக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள், அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆனால் இது பொது மருத்துவரின் கிளினிக்குக்கான கணக்கு, வியர்த்துக்கொண்டு வருபவருக்கு முன்னால் உட்கார்ந்து போடும் கணக்கு இல்லை.

எக்ஸ்ரே பற்றி ஒரு வார்த்தை. "எக்ஸ்ரே எடுத்தா எலும்புல என்னன்னு தெரிஞ்சிடுமே?" என்று கேட்பார்கள். குருத்தெலும்பு சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. நாம் அதை எடுப்பது நிமோனியா, காற்றுப் புகுந்த நுரையீரல், எலும்பு முறிவு போன்றவற்றைப் பார்க்கத்தான், விலா எலும்பில் விழும் மெல்லிய விரிசல் அதிலும் தப்பிவிடலாம். வயதானவர்களின் ரிப்போர்ட்டில் விலாக் குருத்தெலும்பில் கால்சியம் படிந்திருப்பதாக எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம், அது நரை முடி போல வயதோடு வருவது.

படி 6: இதே போல் வேஷம் போடும் மற்றவை

வீக்கம் இருந்தால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது டீட்ஸே நோய். 1921-ல் அலெக்சாண்டர் டீட்ஸே என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் விவரித்தது. பெரும்பாலும் 40 வயதுக்குக் கீழே, ஒரே ஒரு மூட்டில், இரண்டாவது அல்லது மூன்றாவது விலாவில், கண்ணுக்கே தெரியும் வீக்கத்தோடு வரும். இதுவும் ஆபத்தற்றதுதான். ஆனால் நெஞ்சுச் சுவரில் எந்த வீக்கம் என்றாலும் அதை அல்ட்ராசவுண்டிலோ சிடி, எம்ஆர்ஐயிலோ பார்த்துவிட வேண்டும், கட்டியாகவும் இருக்கலாம்.

நம் நாட்டில் இன்னொன்றையும் மறக்க முடியாது: காசநோய். அது நுரையீரலில் மட்டும்தான் வரும் என்றில்லை, விலாவையும் அதன் குருத்தெலும்பையும் பிடிக்கலாம். மெதுவாக வளரும் வீக்கம், தொட்டால் மெத்தென்று சீழ் கட்டியது போல், கூடவே மாலைக் காய்ச்சல், உடல் இளைப்பு. இதில் வலி மாத்திரை கொடுத்து மாதங்களைக் கடத்தினால் பெரிய நஷ்டம். சிவந்து, சூடாக, காய்ச்சலோடு வலித்தால் பாக்டீரியா தொற்று. குறிப்பாக இதய அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கு இதைத் தள்ளிப்போடவே கூடாது.

அக்கி இன்னும் ஏமாற்றும். கொப்புளம் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே ஒரு பக்கமாக எரிச்சலும் வலியும் தொடங்கிவிடும். தோலைத் தடவினாலே, சட்டை உரசினாலே எரிகிறது என்றால், "தினமும் கண்ணாடில பாருங்க, சின்னதா கொப்புளம் வந்தா அன்னைக்கே வாங்க" என்று சொல்லி அனுப்புவேன். வைரஸ் மருந்தைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது.

காலை முதுகு விறைப்பும் சொரியாசிஸும் கேட்டதன் காரணம், முதுகெலும்பு மூட்டுவாத வகைகள் விலா மூட்டையும் பிடிக்கும் என்பதுதான். இளம் வயதில், மாதக்கணக்கில் வந்து போய்க்கொண்டிருக்கும் விலா வலிக்கு மூட்டுவாத மருத்துவர் தேவைப்படலாம். அங்கேதான் உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி போன்ற ரத்தப் பரிசோதனைகளுக்கு வேலை. உடம்பு முழுக்க, இரண்டு பக்கமும், மாதக்கணக்கில் வலி, தூக்கமின்மை, அசதி என்றால் ஃபைப்ரோமயால்ஜியா. பள்ளிப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்திருக்கும்போது திடீரென ஊசி குத்தியது போல் வந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, சில நிமிடத்துக்குள் தானாகப் போய்விடும் வலி ஒன்று உண்டு, அது ஒன்றும் செய்யாது. ஆனால் விளையாடும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வரும் பிள்ளையை இதய மருத்துவரிடம் காட்டாமல் இருக்கக் கூடாது.

நெஞ்செரிச்சலும் பதற்றமும் இந்தப் பட்டியலில் உண்டு. இளம் பெண்கள் வந்தால் "டென்ஷன்" என்று சொல்லிவிடும் பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்த பிறகே அந்த வார்த்தையை வாயில் எடுக்க வேண்டும்.

படி 7: நாட்களைக் கொண்டு உறுதி செய்வது

பெயர் சொன்னதோடு நோயறிதல் முடிவதில்லை. வலி எப்படிக் குறைகிறது என்பதும் ஒரு பரிசோதனைதான். தினம் இரண்டு மூன்று வேளை பதினைந்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம், கனம் தூக்காமல் இருப்பது, பாராசிட்டமால், இருமல் இருந்தால் அதற்கு மருந்து. போதவில்லை என்றால் சில நாளுக்கு அழற்சி குறைக்கும் வலி மாத்திரை. வயிற்றுப் புண், சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் அந்த வகை மாத்திரையை மருந்துக் கடையில் தாமாக வாங்கக் கூடாது. காய்ச்சலும் கூட இருந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை அதைத் தொடவே வேண்டாம்.

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும். சிலருக்கு மாதங்கள் இழுக்கும், போய்விட்டுத் திரும்பியும் வரும். இரண்டு வாரத்தில் ஒரு முறை காட்டச் சொல்வேன். அதற்குள் காய்ச்சல், வீக்கம், எடை குறைவு, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, நடந்தால் வரும் அழுத்தம் எது வந்தாலும் பழைய பெயரை அழித்துவிட்டு முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். "போன தடவை விலான்னுதானே சொன்னாங்க" என்று வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் நான் பயப்படும் விஷயம். ஒரு தடவை விலா வலி வந்தவருக்கு அடுத்த தடவை மாரடைப்பு வரக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: வலி தொடங்கிய நாள், அதற்கு முந்தின வாரம் செய்த வேலை, வலியைக் கூட்டும் அசைவு, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர், வீட்டில் யாருக்கு இதய நோய். ஐந்து வரி போதும். உங்களுக்குக் கிடைக்கும் பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் நினைவுபடுத்துவதில் போகாமல் இருக்கும்.

டிபன் கடை அம்மாவுக்கு ஈசிஜி இரண்டு முறையும் சரியாக இருந்தது. டிரோபோனினும் பார்த்தோம், அதுவும் சரி. இரண்டாவது வாரம் வந்தபோது பேனாப் புள்ளி அழிந்துபோயிருந்தது. நான் தேடுவதற்குள் அவரே விரல் வைத்து, "இங்க கொஞ்சம் இருக்கு, இங்க இல்லை" என்றார். மூன்றாவது விலாவில் மட்டும் மிச்சம். மாவு குண்டானை இப்போது மகன் தூக்குகிறான்.

கிளம்பும்போது அந்த ஈசிஜி காகிதத்தை என்ன செய்வது என்று கேட்டான் மகன். அது வெப்பத்தில் அச்சாகும் காகிதம், சில வருடத்தில் மங்கிவிடும். ஒரு ஜெராக்ஸ் எடுத்து ரேஷன் கார்டு, ஆதார் வைக்கும் உறையிலேயே வைக்கச் சொன்னேன், செல்போனிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். நாளை எப்போதாவது நள்ளிரவில் அம்மாவுக்கு நெஞ்சு வலித்து அவன் வேறு ஏதோ ஆஸ்பத்திரி வாசலில் நிற்க நேர்ந்தால், அங்கே எடுக்கும் புது ஈசிஜியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க டியூட்டி டாக்டருக்குப் பழைய ஈசிஜி வேண்டும்.